உழுத பிறகு வந்த கவி

'உள்ளூர்க் கவி' என்று ஒருவருக்குப் பட்டம் கொடுத்துவிட்டால் நமக்கு அதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. அப்புறம் அவரைப் படிக்க வேண்டியதில்லை. அவருடைய ஊர்க்காரர்கள் படித்துக்கொள்வார்கள், அவருக்கும் அது போதும் என்று நினைத்துக்கொண்டு நாம் நம் வழியே போய்விடலாம். இந்தக் காரியத்தை நானும் ஒரு தரம் செய்திருக்கிறேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு பத்திரிகைக்கு வருகிற கவிதைகளைப் படித்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கிற வேலையைக் கொஞ்ச காலம் செய்துவந்தேன். கரிசல் சீமையிலிருந்து ஒருவர், பள்ளிக்கூட ஆசிரியர், சொந்தமாகக் கொஞ்சம் நிலமும் வைத்துப் பயிரிடுகிறவர், நாற்பது கவிதைகளை நூல் போட்டுக் கட்டி அனுப்பியிருந்தார். பருத்தி, கம்பு, பொய்த்துப்போன மழை, கடன்காரன், மாடு என்று அவர் கண்ணெதிரே இருந்த விஷயங்கள்தான். மோசம் என்று சொல்லிவிட முடியாது. 'உள்ளூர் வாசனை சற்று அதிகமாக இருக்கிறது' என்று ஒரு கார்டு எழுதிக் கட்டைத் திருப்பி அனுப்பிவிட்டேன். பதில் ஒன்றும் வரவில்லை. அவர் பெயர்கூட எனக்கு இப்போது சரியாக ஞாபகமில்லை. கார்டில் எழுதிய வாக்கியம் மட்டும் ஞாபகம் இருக்கிறது. நான் எழுதிய வாக்கியம் அல்லவா!

இத்தனை காலத்துக்குப் பிறகு அந்தக் கார்டை ஞாபகப்படுத்தியவர் ஜேம்ஸ் ஹர்ஸ்ட் என்ற அமெரிக்கக் கவி. பத்திரிகைகளை வாங்கிக் குவித்த கோடீசுவர ஹர்ஸ்ட் என்று யாரும் நினைத்துக்கொண்டுவிட வேண்டாம். இவர் மக்காச்சோளம் பயிரிட்டு, பன்றியும் மாடும் வளர்த்த குடும்பத்தில், அயோவா மாகாணத்து செடார் ஃபால்ஸ் ஊரை அடுத்த பண்ணையில், 1900 ஆகஸ்டு மாசம் பிறந்தவர். 1983 ஜூலையில் காலமானார். 13 கவிதைத் தொகுதிகள் எழுதியிருக்கிறார். அயோவாவைத் தாண்டி அவரைத் தெரிந்தவர்கள் குறைவு. அமெரிக்கக் கவிதையைப் பற்றி மணிக்கணக்காகப் பேசக்கூடிய நண்பர் ஒருவரிடம் விசாரித்தேன். கேள்விப்பட்டதில்லை என்றார். அவர் கேள்விப்படாததே ஒரு தகுதிக்குறைவு என்கிற மாதிரி இருந்தது அவர் முகபாவம்.

ஹர்ஸ்டின் கவிதைகள் எல்லாவற்றையும் சேர்த்து ஸ்காட் காவெல்டி என்பவர் தொகுத்து, அயோவா பல்கலைக்கழகப் பதிப்பகம் 2001-ல் ஒரே புஸ்தகமாக வெளியிட்டது. கனமான புஸ்தகம். உறவினர் ஒருவர் மூலமாக என்னிடம் வந்து சேர்ந்தது. மூன்று மாசமாக மேஜையை விட்டு இறங்கவில்லை.

அயோவா என்றவுடன் தமிழ் வாசகர்களுக்கு அசோகமித்திரனின் 'ஒற்றன்' ஞாபகத்துக்கு வரும். 1973-ல் அவர் அயோவா நகரத்தில் நடக்கிற சர்வதேச எழுத்தாளர் திட்டத்துக்குப் போய்ச் சில மாசங்கள் தங்கியிருந்தார். அந்த அனுபவத்திலிருந்து பிறந்த நாவல் அது. அந்தத் திட்டத்தை 1967-ல் ஹ்வாலிங் நியேயுடன் சேர்ந்து ஆரம்பித்த பால் எங்கிளும் அயோவாக்காரர்தான், கவிதான். எங்கிள் உலகத்து எழுத்தாளர்களையெல்லாம் அயோவாவுக்கு வரவழைத்தார். அவரைவிட எட்டு வயசு மூத்தவரான ஹர்ஸ்ட் யாரையும் வரவழைக்கவில்லை. ஊரோடு இருந்துவிட்டார்.

இவரைப் பிரெய்ரிக் கவி என்கிறார்கள். அந்த வார்த்தையைக் கொஞ்சம் நிதானித்துப் பார்க்க வேண்டும். பிரெய்ரி என்றால் புல்வெளி என்று தமிழில் எழுதிவிடுகிறோம். உடனே ஊட்டிப் பக்கத்துப் பச்சைச் சரிவு கண்ணில் வந்து நிற்கிறது. அயோவாவில் இருந்தது அப்படிப்பட்ட புல் அல்ல. ஆளை மறைக்கிற உயரம் வளரும். வேர் பல அடி ஆழம் இறங்கிப் பின்னிக்கொண்டிருக்கும். மெஸ்க்வாகி முதலான பூர்வகுடிகளை அப்புறப்படுத்திவிட்டு வெள்ளைக்காரக் குடியானவர்கள் வந்து இறங்கியபோது மாகாணத்தில் ஐந்தில் நாலு பங்கு இந்தப் புல்தான். அவர்கள் கிழக்கேயிருந்து கொண்டுவந்த கலப்பைகள் இந்த மண்ணில் செல்லவில்லை. பசை மாதிரி மண் கலப்பையில் அப்பிக்கொள்ளும். நாலடிக்கு ஒரு தரம் நிறுத்திச் சுரண்ட வேண்டும். 1837-ல் பக்கத்து மாகாணமான இல்லினாயில் ஜான் டீர் என்ற கொல்லர் எஃகில் ஒரு கலப்பை செய்தார். மண் ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு போயிற்று. தண்ணீர் தேங்குகிற தாழ்ந்த இடங்களில் சுட்ட மண்குழாய்களைப் புதைத்து நீரை வடித்துவிட்டார்கள். ஒரு மனிதனுடைய ஆயுசுக்குள் காரியம் முடிந்துவிட்டது. அந்தப் பழைய புல்வெளியில் இன்று ஆயிரத்தில் ஒரு பங்குகூட மிச்சமில்லை. ரயில் பாதை ஓரத்திலும், பழைய கல்லறைத் தோட்டங்களிலும், கலப்பை போகாத மூலைகளில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறதாம்.

ஆக, ஹர்ஸ்ட் பிறப்பதற்கு முன்பே பிரெய்ரி போய்விட்டது. வில்லா காதர் 1918-ல் 'மை ஆன்டோனியா' எழுதினபோது புல்லைக் கிழித்து முதல் சால் ஓட்டியவர்களைப் பற்றி எழுத முடிந்தது. அதில் ஒரு காவியத்துக்கு வேண்டிய கம்பீரம் இருந்தது. ஹர்ஸ்டுக்கு அது கிடைக்கவில்லை. அவருக்குக் கிடைத்தவை வேலி, கால்வாய், தானியக் களஞ்சியம், தவணை கட்ட வேண்டிய தேதி. நம்முடைய பழைய கணக்கில் சொன்னால் ஒரு முல்லை நிலம் ஒரு தலைமுறைக்குள் மருதமாகிவிட்டது. வெயில் தாங்காமல் நிலம் இயல்பு கெட்டுப் பாலையாவதை இளங்கோவடிகள் சொல்லியிருக்கிறார். இது கலப்பையால் வந்த மாற்றம். மருதத்துக்கு ஊடலை வைத்தார்கள் நம் புலவர்கள். ஹர்ஸ்டின் மருதத்திலும் ஊடல்தான், மனிதனுக்கும் மண்ணுக்கும் நடக்கிற ஊடல். நடுவில் வந்து கெடுக்கிற பரத்தை கிடையாது. அடமானக்காரன் உண்டு.

இனி அவர் வாழ்க்கையில் ஒரு நாளைச் சொல்ல வேண்டும். 1919 மே 30-ம் தேதி. விடுமுறை நாள். பத்தொன்பது வயசு நிரம்பாத ஜேம்ஸ் செடார் நதியில் நீந்தப் போனான். தலைகீழாகப் பாய்ந்தான். நினைத்த ஆழம் தண்ணீரில் இல்லை. அடி முதுகுத்தண்டில் பட்டது. உடம்பின் பெரும்பகுதி செத்துப்போன மாதிரி ஆகி, வருஷக்கணக்கில் வைத்தியம் பார்த்து, ஓரளவு மீண்டான். முழுக்க மீளவில்லை. கக்கத்தில் கட்டைகள், பிற்காலத்தில் சக்கர நாற்காலி. கவிதை எழுத ஆரம்பித்தது இந்த விபத்துக்குப் பிறகுதான்.

அவர் பண்ணையை விட்டுவிட்டு ஓடவில்லை. சகோதரன் சார்ல்ஸோடு சேர்ந்து கூட்டாகப் பயிரிட்டார். கூட்டில் உடம்பு வேலையின் பெரும்பகுதி அடுத்தவனுடையது. விதைக்க வேண்டிய நாளைத் தீர்மானிக்கலாம், மேகத்தைப் பார்க்கலாம், கணக்கு எழுதலாம். இறங்கிச் சாலில் நடக்க முடியாது. இதைத் தெரிந்துகொண்டு படிக்கிறபோதுதான் இந்தக் கவிதைகளில் இத்தனை வேலை ஏன் நடக்கிறது என்று புரிகிறது. இயற்கையைப் பாடுகிற கவிகள் பெரும்பாலும் சாயங்காலம் காற்று வாங்க நடந்துபோகிறவர்கள். வயல் அவர்களுக்குக் காட்சி. ஹர்ஸ்டின் வயலில் யாராவது எதையாவது தூக்கிக்கொண்டே இருக்கிறார்கள், இழுத்துக்கொண்டே இருக்கிறார்கள், முளை அடித்துக்கொண்டே இருக்கிறார்கள். செய்ய முடியாத வேலையைக் கண்ணால் செய்து பார்த்தவரின் எழுத்து இது என்று எனக்குத் தோன்றுகிறது. தன் வலியைப் பற்றியும் அவர் எழுதியிருக்கிறார். இரக்கம் கேட்கிற தொனி அதில் இல்லை.

'உண்மை' என்ற தலைப்பில் ஒரு கவிதை இருக்கிறது. ஹர்ஸ்டின் கவிதைகளில் கொஞ்சமாவது வெளியுலகத்துக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். தலைப்பைப் பார்த்தவுடன் எனக்குப் பக்கத்தைத் தள்ளிவிடலாமா என்று இருந்தது. இம்மாதிரித் தலைப்புகளில் நம் ஊரிலும் நிறையக் கவிதைகள் படித்தாகிவிட்டது. ஆனால் உள்ளே இருப்பது வயலும், வயலில் புதைந்து கிடக்கிற கல்லும், அதன்மேல் போய் முட்டுகிற கலப்பையும்தான். நிலத்தில் கல் இருக்கிறதா என்ற கேள்விக்கு ஒரு குடியானவன் பதில் சொல்கிறான். எரிச்சலோடு சொல்கிறான். வேலை நடுவில் நிறுத்திவைத்துக் கேள்வி கேட்கிற பட்டணத்து மனுஷனிடம் நம் ஊர்ச் சம்சாரி பேசுவானே, அந்தத் தோரணை. கண்ணால் பார்த்தோ கேள்வி கேட்டோ தெரிந்துகொள்ள முடியாத ஒன்று, முட்டின கணத்தில் கைப்பிடி வழியாக ஏறித் தோளில் வந்து தாக்குகிற ஒன்று, அதைத் தவிர உண்மை என்று தனக்கு வேறு எதுவும் தெரியாது என்பது அவன் கட்சி.

இந்தக் கவிதையை முதல் தரம் படித்தபோது சாமர்த்தியமான கவிதை என்று நினைத்துக்கொண்டு அடுத்த பக்கம் போனேன். இரண்டாம் தரம் படித்தபோது அந்த நதி ஞாபகம் வந்தது. தண்ணீருக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்துத் தெரிந்துகொள்ளாமல் பாய்ந்து, முட்டித் தெரிந்துகொண்ட ஒருவர் எழுதியிருக்கிறார் இதை. நதியைப் பற்றிக் கவிதையில் பேச்சே இல்லை. அவர் அதை நினைத்துத்தான் எழுதினார் என்று நான் சாதிக்கப்போவதில்லை. அந்தக் குடியானவனின் குரலில் இருக்கிற எரிச்சல் வெறும் நடிப்பு அல்ல என்று மட்டும் சொல்கிறேன். 1981-ல், எண்பது வயசுக்கு மேல், தன் கதையை எழுதி வெளியிட்டார். அந்தப் புஸ்தகத்துக்கு அவர் வைத்த பெயரின் அர்த்தம் 'எனக்குக் கீழே என் நிழல்' என்பது. நீரை நோக்கிப் பாய்கிறவனுக்குக் கீழேதான் அவன் நிழல் தெரியும்.

1962-ல் வந்த தொகுதிக்குத் தலைப்பைக் கொடுத்த கவிதை இன்னொன்று. 'குறுகிய பார்வை' என்று தமிழில் சொல்லலாம். அறுவடை முடிந்து தாள் நிற்கிற வயல், வரப்போகிற உறைபனி, அதற்குள் முடிக்க வேண்டிய வேலை, இவ்வளவுதான். அடுத்த வேலைக்கு அப்பால் பார்க்க அவனுக்கு அவகாசமில்லை. தலைப்பில் தன்னையே கேலி செய்துகொள்கிறார் என்று பட்டது. கூடவே கொஞ்சம் கர்வமும் இருக்கிறது. தொலைதூரம் பார்க்கிறவர்களைப் பற்றி அவருக்கு அவ்வளவு நல்ல அபிப்பிராயம் இல்லை.

மூன்றாவதாக ஒன்றைச் சொல்ல ஆசை. ஸ்ட்ராபெர்ரிப் பாத்திக்குக் கூடையோடு வருகிறாள் ஒரு பெண். மனசில் பாட்டு, நடையில் துள்ளல். கூடை கீழே விழுகிறது. செடிகளுக்கு அடியில் ஒரு பாம்பு. கிறிஸ்தவர்கள் வீட்டில் வளர்ந்த எந்த அமெரிக்க வாசகனுக்கும் ஏதேன் தோட்டம் ஞாபகம் வரத்தான் செய்யும். கவி அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. பண்ணைத் தோட்டத்தில் பாம்பு வருவது சகஜம், பாம்பு பாம்பாகவே வந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடுகிறார். 1979-ல் தேர்ந்தெடுத்த கவிதைகளைப் புஸ்தகமாகப் போட்டபோது இந்தக் கவிதையின் பெயரைத்தான் அதற்கு வைத்தார். எனக்கு இந்த மூன்றில் மிகவும் பிடித்தது இதுவே.

எல்லாக் கவிதைகளும் இந்த உயரத்தில் இருக்கின்றன என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. முழுத் தொகுப்பு அவருக்கு ஒரு விதத்தில் அநியாயம் செய்கிறது. ஒரே மாதிரியான பனிக்காலம், ஒரே மாதிரியான கிழட்டுக் குடியானவன், திரும்பத் திரும்ப வருகிறார்கள். ஆரம்பகாலத்து எதுகை வைத்த நாலடிப் பாட்டுகளில் பல, எதுகைக்காக வளைந்துகொடுக்கின்றன. பிற்காலத்தில் யாப்பைத் தளர்த்திவிட்டுப் பேச்சுநடைக்கு வந்த பிறகு குரல் நன்றாகத் திறந்துகொள்கிறது. ஆனால் அங்கே வேறு ஒரு வியாதி. காட்சியைப் பிரமாதமாகக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, கடைசி இரண்டு வரியில் அதற்கு அர்த்தம் சொல்ல உட்கார்ந்துவிடுகிறார். 1941 முதல் 1975 வரை ஊரிலிருந்த கல்லூரியில் பாடம் சொல்லிக்கொடுத்தவர். வாத்தியார் சில சமயம் கவியின் தோளைத் தட்டிவிடுகிறார். தேர்ந்தெடுத்துச் சின்னதாக ஒரு தொகுதி போட்டால் முப்பது, நாற்பது கவிதைகள் தேறும். ஒரு கவிக்கு அது குறைவில்லை.

இன்னொரு விஷயமும் கவனிக்க வேண்டியது. அவர் முதல் தொகுதி வந்த காலம் சாதாரணக் காலம் அல்ல. 1932-ல் சோளத்தின் விலை விழுந்த விழுச்சியில், நிலக்கரி வாங்குவதைவிடச் சோளத்தை அடுப்பில் போட்டு எரிப்பது மலிவு என்று ஆகிவிட்டது. அயோவாக் குடியானவர்கள் சாலைகளை மறித்துப் பால் வண்டிகளை நிறுத்தினார்கள். 1933 ஏப்ரலில் லெ மார்ஸ் என்ற ஊரில், அடமான நிலங்களை ஏலத்துக்கு விடமாட்டேன் என்று சத்தியம் செய்யச் சொல்லி, ஒரு நீதிபதியைக் கோர்ட்டுக்குள்ளிருந்தே இழுத்துக்கொண்டு போனார்கள். ஹர்ஸ்டின் தகப்பனார் ஃபார்ம் பீரோ என்ற பெரிய விவசாயிகள் ஸ்தாபனத்துக்கு மாகாணத் தலைவராக இருந்தவர், மறியலில் நம்பிக்கையில்லாத கட்சி. ஆக, நிலம் போகிற பயமும், அதற்கு என்ன செய்வது என்கிற தகராறும் சாப்பாட்டு மேஜைக்கே வந்திருக்க வேண்டும். இதிலிருந்து கோஷம் எழுதுவது சுலபம். அவர் எழுதவில்லை. கோஷம் எழுதியிருந்தால் அந்தப் பத்து வருஷத்துக்காவது நியூயார்க்கில் பேசியிருப்பார்கள்.

அவர் கவிதைகளை வெளியிட்டுவந்த 'மிட்லண்ட்' என்ற சிறு பத்திரிகை அந்த 1933-லேயே நின்றுபோயிற்று. 1937-ல் 'கன்ட்ரி மென்' என்ற முதல் தொகுதியை அச்சிட்டது மஸ்கடீன் என்ற ஆற்றங்கரை ஊரில் கரோல் கோல்மன் நடத்திய பிரெய்ரி பிரஸ். அச்சிலே ஆசை வைத்த மனிதர், விற்பனையில் அல்ல. அயோவா நாவலாசிரியை ரூத் சக்கோ ஆதரவாக நின்றார். கிராண்ட் வுட் 1930-ல் தீட்டிய 'அமெரிக்கன் காதிக்' படத்தால், பிராந்தியக் கலை என்று ஒரு மோகம்கூடக் கொஞ்ச நாள் இருந்தது. மோகம் போனதும் படம் நின்றது, கவிதைகள் நிற்கவில்லை. படத்துக்குச் சிகாகோவில் ஒரு மியூசியம் இருந்தது.

இவரை 'மத்திய மேற்கின் ராபர்ட் ஃபிராஸ்ட்' என்று சொல்கிறவர்கள் உண்டு. பாராட்டாகத்தான் சொல்கிறார்கள். எனக்கு இந்தப் பாராட்டு பிடிக்கவில்லை. ஃபிராஸ்ட் பெரிய கவி, ஹர்ஸ்டைவிடப் பெரியவர், சந்தேகமே இல்லை. அவரிடம் ஒரு பிசாசு இருக்கிறது, ஹர்ஸ்டிடம் அது எப்போதாவதுதான் எட்டிப்பார்க்கிறது. ஆனால் ஃபிராஸ்டும் ஒரு பிராந்தியத்துக் கல்லையும் வேலியையும் பனியையும்தானே எழுதினார்? அவரை யாரும் நியூ இங்கிலாந்தின் இன்னார் என்று சொல்வதில்லை. அவருடைய முதல் இரண்டு தொகுதிகளும், 1913-லும் 1914-லும், லண்டனில் வெளியாயின. ஹர்ஸ்டின் முதல் தொகுதி மஸ்கடீனில் வெளியாயிற்று. வித்தியாசம் முழுவதும் இதுதான் என்று சொல்ல மாட்டேன். இதுவும்தான் என்று சொல்வேன்.

செடார் ஃபால்ஸ்காரர்கள் அவரை மறக்கவில்லை. ஊருக்குள் அவர் குடியிருந்த வீட்டை நகரசபைக்கே எழுதிவைத்துவிட்டுப் போனார். அது 1989-லிருந்து அவர் பெயரிலும் மனைவி மெரில் பெயரிலும் கலைக்கூடமாக நடந்துவருகிறது. ஊரிலுள்ள பல்கலைக்கழகத்திலிருந்து வெளிவரும் பழைய பத்திரிகையான 'நார்த் அமெரிக்கன் ரிவ்யூ' அவர் பெயரில் கவிதைப் பரிசு கொடுக்கிறது. படிக்க ஆசைப்படுகிறவர்கள் முழுத் தொகுப்பை முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டாம். 1962-க்குப் பிந்தியவற்றில் ஆரம்பித்துப் பின்னால் போகலாம்.

அந்தக் கரிசல் ஆசிரியரின் நாற்பது கவிதைகளில் ஒன்றின் விஷயம் மட்டும் எனக்கு இந்த மூன்று மாசத்தில் திரும்ப ஞாபகத்துக்கு வந்தது. நிலத்தை விற்றாகிவிட்டது. மாடு மட்டும் மிச்சம். வண்டியில் பூட்டி அந்த வழியாக ஓட்டிப் போகிறபோதெல்லாம், பழைய வரப்பு வந்ததும் அது தானாக நின்றுவிடுகிறது. வண்டிக்காரன் அதட்டுகிறானா, இறங்கி நிற்கிறானா என்று முடிவு எப்படி வந்தது என்பது எனக்கு நினைவில்லை. கேட்டு எழுத விலாசமும் வைத்துக்கொள்ளவில்லை.